இரண்டு டயர் மட்டும் வாங்கினால்

என் மைத்துனரின் காருக்கு, சிங்கப்பூரில் அதைப் பத்தாண்டு வைத்திருக்க உரிமை தரும் வாகன உரிமைச் சான்றிதழ் முடிய இன்னும் ஒன்றரை ஆண்டுதான் இருக்கிறது. முன்டயர்கள் இரண்டும் போத்தாக், அதாவது வழுக்கை, ஆகும் நிலைக்கு வந்துவிட்டன. பின்டயர்களில் பட்டன், அதாவது பள்ளம் வெட்டிய மேல் ரப்பர், பாதிக்கு மேல் மிச்சமிருக்கிறது. “ஸ்கிராப்புக்குப் போகப்போற வண்டிக்கு நாலு டயரும் வாங்கணுமா அத்தான்? தேஞ்சது முன்னாடி ரெண்டுதானே, அதை மட்டும் மாத்துனா போதாதா?” என்று கேட்டார். பத்தாண்டுக் கணக்கில் கார் வைத்திருக்கும் நம் ஊரில், அந்தக் கணக்கு முடியும் தறுவாயில் பலரும் கேட்கும் கேள்விதான் இது. இரண்டு டயர் மட்டும் வாங்குவதில் தவறில்லை. ஆனால் வாங்கும் புதிய இரண்டும் பின்பக்கம் போக வேண்டும், பின்னால் இருக்கும் பழைய இரண்டும் முன்னால் வர வேண்டும் என்று சொன்னேன். தேய்ந்தது முன்னால் இருக்க, புதியதை ஏன் பின்னால் மாட்ட வேண்டும் என்று அவர் திகைத்தார். அந்தத் திகைப்பு பலருக்கும் இருப்பதால், காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நம் சாலைகளில் ஓடும் சாதாரணக் குடும்பக் கார்களில் பெரும்பாலானவை முன்சக்கரங்களால் இழுக்கப்படுபவை. எஞ்சினின் எடை முன்னால் இருக்கிறது; காரை இழுப்பதும் திருப்புவதும் முன்டயர்களே; பிரேக் பிடிக்கும்போது காரின் எடை முன்னோக்கிச் சாய்வதால் நிறுத்தும் வேலையிலும் பெரும்பங்கு அவற்றுக்கே. ஆகவே முன்டயர்கள் விரைவாகத் தேய்கின்றன. பின்டயர்கள் சும்மா உருண்டு வருவதுபோல் தோன்றுவதால், அவற்றுக்குப் பெரிய பொறுப்பு எதுவும் இல்லை என்ற எண்ணம் நமக்கு வந்துவிடுகிறது. இந்த எண்ணம்தான் ஆபத்தானது. அம்பின் வாலில் கட்டிய இறகு அம்பை முன்னோக்கித் தள்ளுவதில்லை. ஆயினும் அந்த இறகு இல்லாவிட்டால் அம்பு நேராகப் பறக்காது. பின்டயர்களின் வேலையும் அத்தகையது. கார் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கமே போகும்படி அதைப் பின்னாலிருந்து பிடித்து வைத்திருப்பவை அவைதாம்.

ஈரச் சாலையில், ஒரு வளைவில், பிடிமானம் முன்னால் குறைந்தால் என்ன ஆகும், பின்னால் குறைந்தால் என்ன ஆகும் என்று தனித்தனியாகப் பார்த்தால் இது விளங்கும். முன்டயர்கள் வழுக்கினால், நாம் ஸ்டியரிங்கைத் திருப்பிய அளவுக்குக் கார் திரும்பாது. வளைவின் வெளிப்புறம் நோக்கி அகன்றுகொண்டு போகும். அது அச்சம் தருவதுதான். ஆனால் அந்த நேரத்தில் எந்த ஓட்டுநரும் இயல்பாகச் செய்வது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பது. அதுவே சரியான செயலாகவும் அமைகிறது. வேகம் குறைகிறது, எடை முன்னோக்கி வருகிறது, முன்டயர்கள் மீண்டும் சாலையைப் பற்றுகின்றன. பின்டயர்கள் வழுக்கும்போது கதை தலைகீழாகிறது. காரின் வால் வெளியே வீசப்படுகிறது. நாம் பயந்து காலை எடுத்தாலோ பிரேக்கை மிதித்தாலோ, பின்னால் எஞ்சியிருந்த எடையும் முன்னால் போய்விட, வால் இன்னும் வேகமாகச் சுழல்கிறது. கார் சுழலும் திசைக்கு எதிராக ஸ்டியரிங்கைச் சட்டெனத் திருப்பி, மறுகணமே அளவாக நேராக்கிக் கொண்டுவரத் தெரிந்தவர்களுக்கே அதிலிருந்து மீள வாய்ப்புண்டு. அந்தப் பயிற்சி நம்மில் பெரும்பாலோருக்குக் கிடையாது.

சுழன்ற கார் எதில் மோதினாலும் பெரும்பாலும் பக்கவாட்டிலேயே மோதும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முன்பக்க மோதலில், நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும்படி வடிவமைத்த எஞ்சின் பகுதி நமக்கு முன்னால் இருக்கிறது. பக்கவாட்டு மோதலில் நமக்கும் கம்பத்துக்கும் இடையே இருப்பது ஒரு கதவின் கனம் மட்டுமே. பின்னிருக்கையில் பிள்ளைகளை உட்காரவைத்து ஓட்டுபவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. நிறுத்தும் வேலையில் முன்டயர்களுக்கே பெரும்பங்கு என்பதால், புதிய டயர்களை முன்னால் மாட்டினால் நேர்ச்சாலையில் கார் சற்றுக் குறைந்த தூரத்தில் நிற்கும். ஸ்டியரிங்கும் கைக்கு உறுதியாக இருக்கும். ஆனால் அந்த உறுதிதான் ஓட்டுநரை ஏமாற்றிவிடுகிறது. ஆழமான பள்ளங்கள் உள்ள முன்டயர்கள் தேங்கிய நீரை வெட்டிக்கொண்டு சுகமாகப் போகும்போது, சாலை நன்றாக இருக்கிறது என்றே ஸ்டியரிங் நமக்குச் சொல்கிறது. நாம் வேகத்தைக் குறைப்பதில்லை. நேர்ச்சாலையிலாவது முன்டயர்கள் ஓரளவு நீரை ஒதுக்கிய தடத்தில் பின்டயர்கள் வருகின்றன. வளைவிலோ அவை வேறு தடத்தில் போவதால் ஒதுக்கப்படாத நீரின்மேல் ஏறுகின்றன. தேய்ந்த பள்ளங்களால் அந்த நீரை வெளியேற்ற முடியாமல் போக, டயருக்கும் சாலைக்கும் இடையே நீர்ப்படலம் புகுந்து டயர் மிதக்கத் தொடங்குகிறது. முன்டயர்கள் தேய்ந்திருந்தால் ஸ்டியரிங் முதலில் லேசாகிவிடும். அந்த எச்சரிக்கை நம்மை வேகம் குறைக்கச் செய்துவிடும். பின்பக்கம் தேய்ந்திருந்தால் முன்னறிவிப்பு ஏதும் வருவதில்லை. மிச்லான், கான்டினென்டல் போன்ற டயர் நிறுவனங்கள் முன்சக்கர இயக்கக் காரானாலும் புதிய இணையைப் பின்னாலேயே மாட்டச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

வழுக்கலை உணர்ந்து ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக்கையும் தனித்தனியே இயக்கிக் காரை நேராக்கும் மின்னணுக் கட்டுப்பாடு இப்போதைய கார்களில் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது பல உயிர்களைக் காத்திருக்கும் நல்ல கருவி. ஆனால் சாலையில் இருக்கும் பிடிமானத்தைப் பங்கிட்டுத் தருவது மட்டுமே அதனால் ஆகும். இல்லாத பிடிமானத்தை அதனால் உண்டாக்க முடியாது. டயர் நீரின்மேல் மிதந்துவிட்டால் பிரேக்கும் பயன் தராது, கணினியும் பயன் தராது.

நம் ஊர் மழையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 2,100 மில்லிமீட்டர் மழை. சராசரியாக 170 நாள்களுக்கு மேல் மழை நாள்கள். ஏப்ரலிலிருந்து நவம்பர்வரை விடியற்காலையிலோ காலையிலோ மழையோடு வீசும் சுமத்ராக் காற்று, சரியாக வேலைக்குப் புறப்படும் நேரத்தில் தீவு விரைவுச்சாலையை வெள்ளைத் திரையாக்கிவிடும். விரைவுச்சாலைகளின் உச்ச வேக வரம்பு மணிக்கு 90 கிலோமீட்டர்தான் என்றாலும், அந்த வேகத்தில் வந்துவிட்டு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பிரியும் வளைந்த இணைப்புச் சாலையில் ஏறும் இடத்தில்தான் பின்டயர்களின் தரம் தெரியவரும்.

காக்கி புக்கிட்டில் ஒரு டயர் கடைக்கு மைத்துனரோடு நானும் போயிருந்தேன். ஜொகூரிலிருந்து தினமும் வந்து வேலை செய்யும் தம்பி ஒருவர் காரைத் தூக்கி நிறுத்திவிட்டு, “அண்ணே, முன்னாடி கழட்டுற எடத்துலயே புதுச மாட்டிடவா? எல்லாரும் அப்படித்தான் கேப்பாங்க” என்றார். பின்னால் மாட்டச் சொன்னதும் அவர் தயங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஆழமானியை எடுத்துப் பின்டயரின் பள்ளத்தில் ஊசியை வைத்து அழுத்தினார். 4.5 மில்லிமீட்டர். புதிய டயரில் சுமார் 8 இருக்கும். பிறகு முன்டயரைத் தடவிக் காட்டினார். பள்ளத்துக்குள் குறுக்கே ஓடும் சிறு ரப்பர் மேடு, தேய்மானத்தைக் காட்டுவதற்காகவே வார்க்கப்பட்டது, டயரின் மேற்பரப்போடு ஏறக்குறைய ஒட்டியிருந்தது. அந்த மேட்டின் உயரம் 1.6 மில்லிமீட்டர், சட்டம் ஏற்கும் குறைந்தபட்ச ஆழமும் அதுவே. உட்புற விளிம்பு வெளிப்புறத்தைவிடச் சற்று அதிகம் தேய்ந்திருந்ததையும் அவரே கண்டுபிடித்து, சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட் பார்க்காமல் எந்த டயரை முன்னால் போட்டாலும் இப்படியே தின்றுவிடும் என்றார். நான்கு சக்கரங்களையும் கழற்றவேண்டியிருந்ததால் வேலை கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான் வித்தியாசம்.

1.6 மில்லிமீட்டர் என்பது சட்டத்தின் எல்லையே தவிர மழையின் எல்லை அல்ல. ஆழம் 3 மில்லிமீட்டருக்கு வந்ததுமே டயர் மாற்றுவதைப் பற்றி யோசிக்கச் சொல்லும் நிறுவனங்கள் உண்டு. நம் மழைக்கு அதுவே பொருத்தமான அளவு என்பது என் கருத்து. வாகனப் பரிசோதனையில் தேறிவிட்டது என்பதை, முன்னும் பின்னும் டயர்கள் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

புதியதைப் பின்னால் மாட்டிப் பழையதை முன்னால் கொண்டுவரும் பழக்கத்தால் இன்னொரு நன்மையும் கிடைக்கிறது. எப்போதும் முன்டயர்களை மட்டுமே மாற்றி வருபவரின் காரில், பின்டயர்கள் தேயாமலேயே கிழடாகிவிடும். வெயிலும் சூடும் ரப்பரை இறுக வைக்கும். பட்டன் நிறைய இருப்பதைப் பார்த்து நல்ல டயர் என்று நினைப்போம், ஆனால் ஈரத்தில் அது பிடிக்காது. பெரும்பாலும் வாரயிறுதியிலும் இரவிலும் மட்டுமே ஓடும் சிவப்பு எண்தகட்டுக் கார்களில் இதை அதிகம் பார்க்கலாம். டயரின் பக்கவாட்டில், டாட் என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் அது பிறந்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2419 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 24ஆம் வாரம். ஐந்து ஆண்டு ஆனபின் ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும், நன்றாகத் தெரிந்தாலும் பத்தாண்டுக்குமேல் ஓட்டக் கூடாது என்பது மிச்லான் நிறுவனத்தின் பரிந்துரை. புதியது பின்னால், பின்னால் இருந்தது முன்னால் என்று சுழற்றினால் ஒவ்வோர் இணையும் தன் கடைசிக் காலத்தை முன்பக்கத்தில் தேய்ந்து முடிக்கும். எதுவும் பின்னால் கிடந்து கிழடாகாது.

பட்டனின் ஆழம் மட்டுமன்றி, டயரின் வகையும் பொருந்த வேண்டும். பிடிமானத்துக்கென்று மென்மையான ரப்பரில் செய்த விளையாட்டு வகை டயரும், எரிபொருள் சிக்கனத்துக்கென்றும் நீண்ட உழைப்புக்கென்றும் செய்த டயரும் ஒரே அளவில் கிடைக்கின்றன. எந்த டயரும் திருப்பத்தில் தான் பார்க்கும் திசையிலிருந்து சிறு கோணம் விலகியே உருள்கிறது. அந்த விலகல் எவ்வளவு என்பதை ரப்பரும் பக்கச்சுவரின் விறைப்பும் தீர்மானிக்கின்றன. முன்டயர்களின் விலகல் பின்டயர்களின் விலகலைவிடச் சற்று அதிகமாக இருக்கும்படி, அதாவது முதலில் வழுக்குவது முன்பக்கமாகவே இருக்கும்படி, சாதாரணக் கார்களைப் பொறியாளர்கள் திட்டமிட்டே வடிவமைக்கிறார்கள். முன்னால் விளையாட்டு வகையையும் பின்னால் சிக்கன வகையையும் மாட்டினால் அந்தத் திட்டம் கவிழ்ந்துவிடுகிறது. ஆகவே நான்கும் ஒரே நிறுவனத்தின் ஒரே மாதிரியாக இருப்பதே நல்லது. பழைய மாதிரி இப்போது கிடைக்கவில்லை என்றால், அதே வகையில், ஈரப் பிடிமானத்தில் பழையதற்குக் குறையாத ஒன்றை வாங்கிப் பின்னால் மாட்டலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் டயர் முத்திரை ஈரப் பிடிமானத்தை ஏ முதல் இ வரை தரம் பிரிக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும். ஒரே அச்சில் இடமும் வலமும் வேறு வேறு டயர் மாட்டுவதோ அறவே கூடாது. பிரேக் பிடித்தால் கார் ஒரு பக்கமாக இழுக்கும்.

இந்தச் சமநிலை எவ்வளவு நுட்பமானது என்பதற்கு 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்ற செவர்லே கோர்வேர் நல்ல எடுத்துக்காட்டு. எஞ்சின் பின்னால் இருந்த அந்தக் காருக்கு முன்டயரில் 15 பிஎஸ்ஐ, பின்டயரில் 26 பிஎஸ்ஐ காற்று அடிக்க வேண்டும் என்று நிறுவனம் சொன்னது. அந்த வேறுபாட்டைப் பேணாமல் நான்கிலும் ஒரே அளவு அடித்தவர்களின் கார் திருப்பத்தில் வாலை வீசும் இயல்புக்கு மாறியது. டயர் அதேதான், காற்று மாறியதற்கே இப்படி. உள்ளிழைகள் விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேராக ஓடும் ரேடியல் டயர் 1949இல் மிச்லான் வழியாகச் சந்தைக்கு வந்த பிறகு, இழைகள் சாய்வாகக் குறுக்கிடும் பழைய குறுக்கிழை டயரும் ரேடியலும் கலந்து ஓடிய காலம் ஒன்று இருந்தது. இரண்டையும் ஒரே காரில் மாட்டுவதானால் ரேடியல் பின்பக்கம்தான் இருக்க வேண்டும் என்று பிரிட்டன் சட்டமே இயற்றியது. பிடிமானம் மிக்கது பின்னால் என்ற விதி அப்போதே எழுத்தில் வந்துவிட்டது.

முன்னும் பின்னும் வேறு வேறு அளவு டயரோடு தொழிற்சாலையிலிருந்தே வரும் கார்களைக் காட்டி, கலப்பதில் தவறில்லை என்று வாதிடுபவர்களும் உண்டு. இப்போதைய போர்ஷே 911 கரேராவில் முன்னால் 235 மில்லிமீட்டர், பின்னால் 295 மில்லிமீட்டர் அகலம். ஆனால் கவனியுங்கள், அங்கேயும் அகலமானது பின்னால்தான் இருக்கிறது. அந்த இணையைக் காரோடு சேர்த்தே சோதித்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நாம் கடையில் கையிருப்பில் இருந்ததை வாங்கி மாட்டுவது அதற்கு ஈடாகாது.

அளவு மாறினால் வேறு தொல்லைகளும் வரும். 205/55 ஆர்16 டயரின் விட்டம் 632 மில்லிமீட்டர்; 215/55 ஆர்16இன் விட்டம் 643. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் மூன்றரை சென்டிமீட்டர் வேறுபடும். சக்கரங்களின் வேகத்தை ஒப்பிட்டே, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கருவியும், சில கார்களில் காற்றழுத்த எச்சரிக்கையும் வேலை செய்வதால் அவை குழம்பக்கூடும். நான்கு சக்கர இயக்கக் காரில் இது இன்னும் கடுமை. சுபாரு சொல்லும் வரம்பு சுற்றளவில் கால் அங்குலம், அதாவது பட்டன் ஆழத்தில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வேறுபாடு. அத்தகைய காரில் இரண்டு மட்டும் வாங்கிச் சேமித்த பணம், முன்பின் சக்கரங்களை இணைக்கும் பற்சக்கரப் பெட்டியைப் பழுதுபார்ப்பதில் பலமடங்காகப் போய்விடும்; அங்கே நான்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பக்கவாட்டில் அளவை அடுத்து 91வி என்பதுபோல் வரும் குறியில், 91 என்பது ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்றும், வி என்பது மணிக்கு 240 கிலோமீட்டர் வேகம்வரை தாங்கும் என்றும் பொருள்படும். காரின் கையேடு கேட்பதற்கு இந்த இரண்டும் குறையக் கூடாது. எடை மிகுந்த மின்கார்களில் முதல் எண்ணை மறவாமல் பார்க்க வேண்டும்.

செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சான்றிதழ் முடியப்போகிறது என்பதற்காக, பெயர் தெரியாத மலிவு டயர் இரண்டை வாங்கிப் பின்னால் போட்டு நாளைக் கடத்துவோம் என்று நினைத்தால், புதியது பின்னால் என்ற விதியைக் கடைப்பிடித்தும் பயனில்லாமல் போகலாம். ஈரத்தில் பழைய நல்ல டயரைவிடப் பிடிமானம் குறைந்த புதிய டயரும் உண்டு. ஜொகூர் பாருவில் விலை குறைவு என்று அங்கே போய் மாற்றுபவர்கள் பலர், அதில் குற்றமில்லை. தயாரித்த வாரத்தை மாட்டுவதற்கு முன்பே பார்த்துவிட்டு, எந்த இணை எங்கே போக வேண்டும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். காரை இறக்கிய பிறகு சொன்னால் எங்கும் யாரும் விரும்பிச் செய்யமாட்டார்கள். தனியார் வாடகைக் கார் ஓட்டும் நண்பர்கள் ஆண்டு முழுதும் நெடுந்தூரம் ஓட்டுவதால், 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் மாற்றிவந்தால் நான்கும் ஒரே சமமாகத் தேயும். இரண்டா நான்கா என்ற கேள்வியே எழாது. சுழலும் திசைக்கு அம்புக்குறி உள்ள டயர்களை மட்டும் அதே பக்கத்திலேயே முன்பின்னாக மாற்ற வேண்டும்.

பள்ளி விடுமுறையில் மலேசியாவுக்குப் போகும்போது வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் வேக வரம்பு 110. பின்னிருக்கையில் மூவர், காரின் பின்பெட்டி நிறையச் சாமான். ஓட்டுநரின் கதவுத் தூணில் ஒட்டியுள்ள தாளில் முழுச் சுமைக்கென்று தனிக் காற்றழுத்த அளவு எழுதியிருக்கும். பல கார்களில் அது பின்டயருக்கு வழக்கத்தைவிட அதிகமாக இருக்கும். புறப்படும் காலையில், டயர் சூடேறுவதற்கு முன், வீட்டுக்கு அருகிலுள்ள பெட்ரோல் நிலையத்திலேயே அந்த அளவுக்கு அடித்துக்கொள்ளுங்கள்; திரும்பி வந்து சாமானை இறக்கியதும் வழக்கமான அளவுக்குக் குறைத்துவிடுங்கள்.